சத்தம் போடாத கீபோர்டு

ஆபீசில் நாள் முழுக்க டைப் அடிக்கும் மாசிலாமணி, கீகளுக்கு அடியில் இருக்கும் ஸ்விட்சில் சத்தமே வராதது எது என்று இரண்டு மாதம் தேடி ஒரு புது கீபோர்டு வாங்கி வந்தார். பழைய கீபோர்டு மேசைக்கு அடியில் போனது.

“தகரக் கூரையில் மழை பெய்த மாதிரி என்ன இரைச்சல் போட்டாய்! என்னைப் பார். பத்து மணி நேரம் அடித்தாலும் பக்கத்து சீட்டுக்குக் கேட்காது” என்றது புதுசு.

“மேனேஜருக்கும் கேட்காதே?” என்றது பழசு.

மூன்று நாளாக மாசிலாமணி பக்கமிருந்து சத்தமே இல்லை என்று மேனேஜர் எழுந்து வந்தார். “சும்மாதானே இருக்கீங்க, இதையும் முடிச்சிடுங்க” என்று அடுத்தவருடைய ஃபைல் நான்கை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் பழசு மேசை மேல் ஏறியது. அதன் வயரைக்கூடச் செருகவில்லை. மாசிலாமணி புதுசில் வேலை செய்தார். மேனேஜரின் ஷூ சத்தம் கேட்டால் மட்டும் பழசைப் படபடவென்று தட்டினார்.

“மாடா உழைக்கிறீங்க சார்!” என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்தே பாராட்டிவிட்டுப் போனார் மேனேஜர்.

புதுசுக்குப் பொறுக்கவில்லை. “நீ ஒரு எழுத்தாவது அடித்தாயா?”

“எதற்கு? உனக்கு வேலை தெரியும். எனக்கு ஆபீஸ் தெரியும்” என்றது பழசு.