மூடி திறவாத கேன்

மின்சாரம் போனாலும் மனைவியின் மூச்சுக்கருவி நின்றுவிடலாகாது என்று ஜெனரேட்டரும் ஒரு கேன் பெட்ரோலும் வாங்கிய தையற்காரர், அந்தக் கேனைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்தார். அடுப்புக்கு எட்டாத கொல்லைக் கொட்டகையில், நிழலில், பக்கத்தில் மணல் வாளியோடு வைத்தார். ஆவியாகிவிடும் என்று மூடியைத் திறந்ததே இல்லை.

“கட்டினவளைக்கூட இப்படிப் பாத்துக்கிட்டதில்ல!” என்பாள் அவள்.

“உன் உசுரே அதுலதாண்டி இருக்கு.”

ஒரு நண்பகல் புயலில் மின்சாரம் போயிற்று. வாசலில் இடுப்பளவு வெள்ளம். கருவியின் பேட்டரி தீரப்போவதாகக் கூவியதும் கேனைத் தூக்கிவந்து திறந்தார். வாடையே இல்லை. விரலை நனைத்து முகர்ந்தார்.

“தண்ணிடி இது!”

அவள் தலைகுனிந்தாள். “நாந்தான் மாத்தி வெச்சேன். பெட்ரோலைப் பக்கத்து வீட்டு டிரைவருக்குக் குடுத்துட்டேன். தினமும் உங்க மேல தீப்பிடிக்கிற மாதிரியே கனவு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னா மறுபடி வாங்கி வெப்பீங்க.” அவளுக்கு மூச்சு இரைத்தது. “அது வெடிச்சு நீங்க போயிட்டா, எனக்குன்னு யாருங்க இருக்கா?”

பேட்டரி தீர்ந்து கருவியின் கூவல் ஓய்ந்தது. அதே கேள்வியை அவளிடம் திருப்பிக் கேட்டார் அவர்.