சீராக வந்த பால்கனி

தேரன்றைக்குப் பார்த்து மாடிக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார் வசந்தகுமார்.

“யாரும் மேல ஏறக்கூடாது. புது டைல்ஸ் போட்டிருக்கு. கூட்டம் ஏறினா கீறல் விழுந்துரும்.”

அவர் மனைவி பிரகதாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு இருப்பது புதுக்கோட்டையில், தேர் ஓடும் வீதியில். வருஷா வருஷம் அறந்தாங்கியிலிருந்து அவள் அண்ணன் குழந்தைசாமி குடும்பத்தோடு வந்து, அந்த மாடி பால்கனியில் நின்றுதான் தேர் பார்ப்பார்.

அதுவும் யார் கட்டிய பால்கனி? அண்ணன் சுவர் பூசும் மேஸ்திரி. தங்கை வீடு குடிபோனபோது அண்டா குண்டா என்று சீர் கொண்டுவர அவருக்கு வசதியில்லை. என் தங்கச்சி நின்று தேர் பார்க்கட்டும் என்று தானே கம்பி கட்டி, தானே தளம் போட்டுக் கொடுத்தார். மற்ற வீடுகளில் சீர் பரணில் கிடக்கும். அவள் சீர் வீதியைப் பார்த்து நின்றது. அதில் அவளுக்கு ஏகப் பெருமை.

“எங்கண்ணன் கட்டினதுல எங்கண்ணன் நிக்கக்கூடாதா?”

“கூடாது.”

அதோடு விட்டாரா? பால்கனியின் நிழலில்கூட யாரும் ஒதுங்க முடியாதபடி வாசலை மறித்துக் கயிறு கட்டினார். டைல்ஸ் போட்டதும் மனுஷனுக்கு வந்த கொழுப்பைப் பார் என்று பக்கத்து வீட்டுச் சொர்ணம் காதில் விழும்படியே சொன்னாள்.

அண்ணன் குடும்பம் வந்து இறங்கியது. விஷயம் தெரிந்ததும் அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். குழந்தைசாமியோ பேரனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, எதிர்ச்சாரி மருந்துக்கடைப் படியில் வெயிலில் நின்று தேர் பார்த்தார். சாப்பிட்ட கையோடு கிளம்பியும் விட்டார். இனி அண்ணன் இந்த வாசலை மிதிப்பாரா என்று பிரகதாம்பாள் தெருமுனை வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறந்த வீடு என்று அவளுக்கு இருப்பது அவர் ஒருவர்தான்.

அடுத்த வாரமே இன்னொரு இடி. பால்கனியை இடிக்கப் போகிறாராம். அப்ரூவல் வாங்கிய பிளானில் அது இல்லையாம். ரோட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பது சட்டப்படி தப்பாம்.

“இந்த வீதியில எவன் வீடு பிளான்படி இருக்கு? எங்கண்ணன் செஞ்சதுதான் ஒங்க கண்ண உறுத்துதா?”

வசந்தகுமார் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். டீக்கடை இருக்கவே இருக்கிறது. அன்றிலிருந்து அவள் அவருக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

இடிக்கிற நாளும் வந்தது. வீதியில் தடுப்பு வைத்து, அடியில் இரும்பு முட்டுக் கொடுத்து, இன்ஜினியர் இளமதி முன்னால் நின்று வேலை வாங்கினாள். மெஷினை வைத்ததுதான் தாமதம், தளம் பொலபொலவென்று உதிர்ந்தது. வசந்தகுமார் ஆட்களுக்கு டீ வாங்கப் போயிருந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற பிரகதாம்பாளை இளமதி பக்கத்தில் கூப்பிட்டாள்.

“இதுக்குப் போயா அழுவுறீங்க? கம்பி எங்க கெடக்கு பாருங்கம்மா. அடியில. சொவத்துக்கு வெளிய நீட்டுற தளத்துக்குக் கம்பி மேல்பக்கம் வரணும். வீட்டுக்குள்ள போடுற தளம் மாதிரி நெனச்சுக் கீழ போட்டுட்டாங்க. மேல விரிசலும் விட்டுருச்சு. இந்தத் தேருக்குக் கூட்டம் ஏறியிருந்தா அம்புட்டுப் பேரும் கீழ வந்திருப்பாங்க.”

பிரகதாம்பாள் உதிர்ந்து கிடந்த தளத்தைப் பார்த்தாள். பேரன், அண்ணி, அண்ணன், எல்லோரும் நெருக்கியடித்து நின்ற இடம் அது.

“அதுக்குத்தான் அவரு பூட்டினாரா?”

“ஆமா. ஆனா அந்த மேஸ்திரியத்தான் பாராட்டணும்,” என்றாள் இளமதி. மேஸ்திரி யாரென்று அவளுக்குத் தெரியாது. “தன் மகன் வீட்டுல வேற ஆளுக பால்கனித் தளம் போடுறப்ப, அங்க உள்ள இன்ஜினியர் கம்பியத் தூக்கிக் கட்டச் சொல்லியிருக்காரு. அப்பத்தான் தன் தப்பு அவருக்குப் புரிஞ்சிருக்கு. ஒடனே சாருக்கு போன் போட்டு, யாரையும் ஏத்தாதீங்கன்னு சொல்லிட்டாரு. வாழ்க்கையில நான் போட்டதே இந்த ஒரு தளம்தான், அதுவும் இப்படியாச்சேன்னு அழுதாராம்.”

பிரகதாம்பாளுக்கு எல்லாம் விளங்கியது. தங்கச்சிக்குத் தெரியவேண்டாம் என்று அண்ணன் கேட்டிருப்பார். அதற்காகத்தான் இந்த மனுஷன் ஊர்ப் பேச்சையும் வீட்டுப் பேச்சையும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அவளுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது போலிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணனுக்குக் கோபமும் இல்லை.

வசந்தகுமார் டீயோடு உள்ளே வரவும் அவள் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. அண்ணன்தான்.

“ஆத்தா, இடிச்சாச்சா?”

வெளியே கடைசிச் சட்டி இடிபாட்டை டிராக்டரில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பிரகதாம்பாள் கணவரைப் பார்த்தாள். பல நாளைக்குப் பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“எங்கண்ணே இடிக்கிறது? ஒங்க மாப்ளைக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு. நீங்க கட்டினது கல்லு மாதிரி நிக்கிது, காலையிலேருந்து ஆளுக திணறுறாக.”