ரோஸ்மேரிப் புகை

அருளப்பனுக்குத் தலை துவட்டியதும் லூர்து கணப்புச் சட்டியை அவர் முன்னால் வைத்து, வேலியோரம் ஒடித்த ரோஸ்மேரிக் கொத்துகளைத் தணலில் போடுவாள். மறதிக்கு மருந்தென்று மடத்து சிஸ்டர் சொல்லியிருந்தார். எழும்புகிற புகையை முறத்தால் அவர் முகத்துக்கே விசிறுவாள். கண்ணெரிந்து அவர், "போதும்மா" என்று கும்பிட்டாலும் விடமாட்டாள். கட்டியவளைத் தாதி என்றுதான் நினைத்திருந்தார்.

ஊரே அவளை மெச்சியது. அவர் அக்கா செலினுக்குத்தான் பொறுக்கவில்லை.

"இப்பத்தான் பச்சப்புள்ள மாதிரி சிரிக்கிறான். அவன நிம்மதியா விடேன், லூர்து."

"நிம்மதியா போயிடக் கூடாது அண்ணி. பண்ணுனதெல்லாம் ஞாபகம் வரட்டும். அப்புறம் போகட்டும்."

செலின் வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்கு லூர்துவின் அலறல் கேட்டும் பக்கத்து அறையில் மூடிக்கொண்டிருந்த அதே வாய்.

ஒருநாள் விசிறியதில் லூர்துவின் ஸ்வெட்டர் கை மேலேறியது. அருளப்பன் அந்தக் கையைப் பிடித்து, முழங்கைவரை சுருங்கிக் கிடந்த பழைய தீக்காயத்தைத் தடவினார். அவர் உதடு துடித்தது. லூர்து விசிறுவதை நிறுத்தினாள்.

"எந்தப் பாவிம்மா இப்படிப் பண்ணுனான்? ஆளக் காட்டு. கைய முறிச்சிடறேன்."

லூர்து சுவரிலிருந்த கண்ணாடியைக் கழற்றி, தன் முகத்துக்கு முன்னால் பிடித்து அவருக்குக் காட்டினாள்.

"இவன்தான்."

அருளப்பன் உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று கையை ஓங்கினார். ஓங்குகிற விதத்தை மட்டும் அந்தக் கை மறந்திருக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் லூர்து நகராமல் நின்றாள்.