வில்லனுக்குப் பாதுகாப்பு

"வில்லன் சிரிச்சாப் போதும், செருப்பு பறக்குதுங்க. ரெண்டு திரை கிழிஞ்சிருச்சு!" என்று பென்னாகரம் தியேட்டர்காரர் பிலவேந்திரன் புலம்பியதால், ஏட்டு மாரப்பன் காட்சிதோறும் திரையருகே காவல் நின்றார்.

எட்டு நாள் ஒரு செருப்பும் பறக்கவில்லை. ஒன்பதாம் நாள் மேட்னியில், பள்ளிக்கூடத்துப் பெண்ணை வில்லன் மலையிலிருந்து தள்ளியதும் மூன்றாவது திரையும் கிழிந்தது.

பிலவேந்திரன் தலையிலடித்தபடி ஓடிவந்தார். "ஏனுங்க ஏட்டய்யா, தெனமும் டீ, போண்டா வாங்கிக் குடுத்தேனே! எவன்னு பாத்தீங்களா?"

திரைக்குக் கீழே கிடந்தது பூட்ஸ். ஏட்டின் இடது காலில் வெறும் காலுறை.

"அடக் கடவுளே! கடைசி ரீல்ல அந்தப் பொண்ணோட சிநேகிதி பழி வாங்கிடுவாளே, அதுவரைக்கும் பொறுக்கக் கூடாதுங்களா?"

"ஒம்பது நாளா என் கண்ணு முன்னாடியே கொல்றானுங்க. டூட்டியில இருக்கறவன் சும்மா நிக்க முடியுங்களா?"