வெள்ளைக் கோட்டில் ஒரு கால்

இன்றைக்கும் அந்த அம்மா ஒரு காலை மட்டும் கோட்டில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

பஸ் டிரைவருக்குத் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. புடவைக்குக் கீழே அதே கான்வாஸ் ஷூ. ஒரு கால் நடைபாதையில். இன்னொரு கால் சாலையின் முதல் வெள்ளைப் பட்டையில்.

அந்த ஒருவழிச் சாலையில் கோடு போட்டு அதிக நாள் ஆகவில்லை. வயதானவர்கள் பயமில்லாமல் கடப்பதற்கென்று போட்டது. அதற்காக டிப்போவில் டிரைவர்களை உட்காரவைத்து வகுப்பே எடுத்தார்கள். கோட்டில் யாராவது கால் வைத்தால் வண்டி நின்றாக வேண்டும். அவர் கடந்து முடிக்கும்வரை நகரக் கூடாது.

கால் வைத்துவிட்டுக் கடக்காமலே நின்றால் என்ன செய்வதென்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

ஆரம்பத்தில் டிரைவர் மரியாதையாகத்தான் கை காட்டினார். அந்த அம்மா சிரித்தார். வரவில்லை. பிறகு ஹாரன் அடித்துப் பார்த்தார். அதற்கும் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ வேலை முடிந்தது போலக் காலை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வாப்பா" என்று வழியனுப்பினார்.

கண் சரியில்லையோ? கடக்கப் பயமோ? டிரைவர்கள் ஒழுங்காக நிறுத்துகிறார்களா என்று பார்க்க மேலிடத்திலிருந்து அனுப்பிய ஆளோ?

ஒருநாள் கண்டக்டரை இறக்கி, கையைப் பிடித்து அந்தப் பக்கம் விட்டுவிட்டு வரச் சொன்னார். கண்டக்டர் மட்டும் அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"உங்களை மாப்பிள்ளை பாக்கத்தாண்ணே தினமும் நிறுத்துறாங்க. முகத்தைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வைங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் தாமதம். காரணம் கேட்ட மேலாளரிடம் இதைச் சொன்னபோது அவர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். இன்னொரு முறை தாமதமானால் இந்த வண்டி வேறு ஆளுக்கு என்றார்.

அதனால் இன்றைக்கு நிற்பதில்லை என்ற முடிவோடுதான் கிளம்பியிருந்தார். எப்படியும் அந்த அம்மா கடக்கப்போவதில்லை. லேசாக ஒதுங்கிப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்?

வேகத்தைக் குறைத்தார். ஆனால் நிறுத்தவில்லை. ஸ்டியரிங்கை மெல்ல ஒடித்தார்.

அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

மறு காலும் சாலைக்கு வந்தது. பிறகு ஆளே வந்தார். பஸ்ஸுக்கு நேர் எதிரே, சாலையின் நடுவில், உள்ளங்கையை உயர்த்தியபடி.

டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றார். கண்டக்டர் கம்பியில் முட்டிக்கொண்டார். பின்னால் வந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிறீச்சிட்டன. உள்ளே யாரோ ஒரு பெண்மணி டிரைவரின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்.

டிரைவர் பக்கக் கண்ணாடியைத் தள்ளினார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "கடக்கிறதுன்னா கடங்க, இல்லன்னா வழிய விடுங்க! எங்க உசுரை வாங்குறதுக்குன்னே வர்றீங்களா?"

அந்த அம்மா உயர்த்திய கையை இறக்காமலே மறுபக்கம் திரும்பிக்கொண்டார். "கத்தாதப்பா. பயந்துடுவார்."

யார்?

முதுகைக் காட்டிக்கொண்டு அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவரும் அங்கே பார்த்தார்.

கோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு சந்து. அதிலிருந்து ஒரு சைக்கிள் வெளியே வந்தது. அதன் மேல் ஒரு பெரியவர். பின்னால் ஒரு கூடை. அவர் இந்தப் பக்கமும் பார்க்கவில்லை, அந்தப் பக்கமும் பார்க்கவில்லை. கழுத்தில் கெட்டியான மருத்துவப் பட்டை போட்டிருந்தார். வெறும் சாலையைப் பார்த்து கணகணவென்று மணி அடித்தார். ஆடி ஆடி, அகலமான சாலையை ராஜா மாதிரிக் கடந்து, எதிர்ச் சந்துக்குள் நுழைந்து மறைந்தார்.

அந்தச் சைக்கிள் தினமும் டிரைவரின் கண்ணில் பட்டிருக்கும். மனதில் பதிந்ததில்லை. அவர் முறைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்தக் கான்வாஸ் ஷூவை.

உயர்த்திய கை இப்போதுதான் இறங்கியது.

"கழுத்து திரும்பாதுப்பா அவருக்கு. வண்டி வருதா, வரலையான்னு தெரியாமலே வந்துடுவார். இன்னைக்கு என்னவோ லேட்டு. கோவிச்சுக்காத."

 

கண்டக்டர் நெற்றியைத் தேய்த்தபடி படிக்கட்டில் இறங்கி நின்றார். "அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல? வீட்டுக்காரரை நாளையிலேர்ந்து கொஞ்சம் சீக்கிரம் கெளம்பச் சொல்லுங்கம்மா. எங்க வேலையாவது பொழைக்கும்."

"யாரு, அவரா?" அந்த அம்மா சந்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அவர் யாருன்னே எனக்குத் தெரியாதே."

கண்டக்டர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் கண்டக்டரைப் பார்த்தார்.

பின்னால் ஹாரன்கள் கத்தின. முன்னால் சாலை காலியாகக் கிடந்தது. டிரைவருக்கு வண்டியை எடுக்கத் தோன்றவில்லை.

"அப்போ உங்க வீட்டுக்காரரு?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார்.

அந்த அம்மா ஒவ்வொரு பட்டையாகப் பார்த்துக் கால் வைத்து நடைபாதைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"அவர் இங்க அடிபட்டுப் போனதுக்கு அப்புறந்தானேப்பா இந்தக் கோடே போட்டாங்க."