எதிர்ப்புன்னு எழுதிக்கோ!

தொலைபேசி அடித்ததுமே டெஸ்ஸாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. அந்தம்மாவேதான்!

டெஸ்ஸா வேலை பார்ப்பது வாஷிங்டனில், மிசௌரி மாநில நாடாளுமன்ற உறுப்பினர் ஹெலன் ப்ரூயிட்டின் அலுவலகத்தில். தொகுதி மக்கள் கூப்பிட்டுச் சொல்லும் கருத்தை ஆதரவு, எதிர்ப்பு என்று குறித்துவைப்பது அவள் வேலை. கருக்கலைப்பு உரிமையை நாடு முழுக்கக் காக்கும் மசோதாவை ஹெலன் ஆதரித்தாலும் ஆதரித்தார், தொகுதியிலிருந்து லொரெட்டா தினமும் கூப்பிட்டுத் திட்டினாள்.

“உங்க மேடத்துக்குக் கடவுள் பயமே கிடையாதா? எதிர்ப்புன்னு எழுதிக்கோ!”

“எழுதிட்டேம்மா. நேத்தும் எழுதினேன். ஒரே ஆளை எத்தனை தடவைம்மா எழுதறது?”

“பதிலுக்குப் பதில் பேசறியா? தினமும் கூப்பிடணும்னு எங்க பாஸ்டர் சொல்லியிருக்கார்!”

டெஸ்ஸா ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். அந்தப் பக்கம் நாய் குரைத்தது. கதவை அறைந்து சாத்தும் சத்தம்.

“கண்ணு, இருக்கியா?” லொரெட்டாவின் குரல் சட்டென்று கிசுகிசுப்பாக இறங்கியது.

“சொல்லுங்க.”

“என் வீட்டுக்காரர் பக்கத்துலயே நின்னு பேச வைக்கிறார். இப்பதான் நாயைப் பார்க்க வெளிய போனார். நான் சொன்னதையெல்லாம் அடிச்சிட்டு ஆதரவுன்னு எழுது. என் பொண்ணு கரு கலைஞ்சு ரத்தம் கொட்டிக் கிடந்தா. கருக்கலைப்புத் தடைச் சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரியில யாரும் தொடல. சாகப் பொழைக்கக் கிடந்து மீண்டு வந்தா. உங்க மேடத்தைப் பின்வாங்கிட வேணாம்னு சொல்லு.”

மறுபடி கதவுச் சத்தம் கேட்டது.

“வெட்கங்கெட்டவளே! நாளைக்கும் கூப்பிடுவேன்!” லொரெட்டா அலறினாள்.

“கூப்பிடுங்கம்மா,” என்றாள் டெஸ்ஸா. “நல்லாத் திட்டுங்க.”