ஏட்டய்யா ஓடுகிறார்

"ஏட்டய்யா, ஓடிக்கினு இருக்கீங்களா, நின்னுக்கினு இருக்கீங்களா? சொன்னீங்கன்னா டீ போடறதா வேணாமான்னு முடிவு பண்ணுவேன்."

டீக்கடை மண்ணாங்கட்டிக்கு, விடிந்ததும் யாரையாவது வம்புக்கு இழுக்காவிட்டால் அடுப்பே பற்றாது. கிளியனூர் ஏரிக்கரையில், காக்கி டிராயரும் பனியனுமாக, தன் தொப்பைக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த கான்ஸ்டபிள் பாண்டுரங்கன் பல்லைக் கடித்தார். தலையில் மல்லாட்டைக்கடலை மூட்டையோடு நடந்து வந்த ஒரு பெண்பிள்ளை, 'கொஞ்சம் ஒதுங்குங்க' என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டிப் போனாள்.

"யோவ் மாசிலாமணி, மானம் போவுதுய்யா! கொஞ்சம் ஜல்தியா ஓடலாமா?"

"மூச்! அந்தப் பேச்சே எடுக்காதீங்க" என்றார் பக்கத்தில் ஓடிவந்த மாசிலாமணி. சவுக்குக்கட்டை ஏற்றுகிற லாரி ஒன்றுக்குச் சொந்தக்காரர். வாலிபத்தில் பெரிய பந்தய ஓட்டக்காரராம். சொன்னதும் அவரேதான். "ஓடும்போதே பேச முடியணும் ஏட்டய்யா. முடியலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். இப்ப பேசினீங்க இல்ல? சரியாத்தான் ஓடறீங்க."

"நான் உன்னைத் திட்டினேன்யா!"

"திட்டறதுக்கும் மூச்சு வேணும் இல்லீங்களா?"

சாதாரண கான்ஸ்டபிளை வாய் நிறைய ஏட்டய்யா என்று கூப்பிடுகிறவரிடம் எவ்வளவு நேரம் கோபப்பட முடியும்?

தவிரவும், பாண்டுரங்கனுக்கு வேறு வழியில்லை. பொங்கல் கழிந்ததும் விழுப்புரம் பரேடு மைதானத்தில் ஓட்டப் பரீட்சை. தேறாத தொப்பைகளை எல்லாம் ராமநாதபுரம் பக்கம் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றப்போவதாக இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். திண்டிவனத்தில் இப்போதுதான் வீடு கட்டித் தளம் போட்டிருந்தார் மனிதர். அதில் ஒரு மழைக்காலம்கூட நிம்மதியாகப் படுத்து எழுந்திருக்கவில்லை. 

அந்தப் பயத்தில் முதல் நாள் நாலுகால் பாய்ச்சலில் ஓடினார். பாதி ஏரிகூடச் சுற்றவில்லை, கரும்பு வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்து போட்டார்கள். அன்றைக்கு சோடா வாங்கிக் கொடுத்துத் தெளியவைத்தவர்தான் மாசிலாமணி. அதிலிருந்து தினமும் விடியற்காலையில், அவர் தனி ஆளாக டூட்டி பார்க்கும் செக்போஸ்ட் கொட்டகைக்கே வந்து, தூங்குகிறவரை எழுப்பி ஏரிக்குக் கூட்டிப்போனார்.

"கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. இளைக்குதா, நடங்க. ஆசை தீர ஓடாதீங்க, மிச்சம் வையுங்க. அப்பத்தான் நாளைக்கு ஓடத் தோணும்."

"டூட்டிக்குத் திரும்பணுமேய்யா."

"அவசரப்பட்டா முட்டி போயிடும் ஏட்டய்யா. மெதுவா இன்னொரு சுத்து."

வீட்டுக்குப் போனால் மனைவி தனம் வேறு. "இன்னாங்க, உங்களுக்குக் கால்ல எதனா வாதமான்னு கிளியனூர் பஸ்ல போய் வர்றவங்கல்லாம் கேக்கறாங்க."

"அது ஓட்டம்டி!"

"அப்படியா? நான் தைலம் காய்ச்சி வெச்சுட்டேனே."

ஆனால் அந்த அழுமூஞ்சி ஓட்டம் வேலை செய்தது. நடை குறைந்தது, ஓட்டம் நீண்டது. மார்கழிப் பனியில் ஏரியை நிற்காமல் சுற்றிவரவும், சுற்றியபடியே மண்ணாங்கட்டியின் வம்சத்தை மூச்சு வாங்காமல் திட்டவும் பாண்டுரங்கனால் முடிந்தது. தொப்பை கரைந்து டிராயர் இடுப்பில் நிற்கமாட்டேன் என்றது. "நீ என் தெய்வம்யா!" என்று மாசிலாமணியின் கைகளைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே கண்கலங்கினார்.

விழுப்புரத்தில் விசில் ஊதியதும் மற்ற தொப்பைகள் எல்லாம் பறந்தன. பாண்டுரங்கன் கடைசி. இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த சுற்றிலேயே பறந்தவர்கள் ஒவ்வொருவராக வேப்பமரத்தடியில் சுருண்டார்கள். பாண்டுரங்கன் அவர்களை நலம் விசாரித்தபடியே தாண்டிப் போய் முதலாவதாக வந்து சேர்ந்தார்!

"இந்த மாதிரி ஆளைப் போய் ரோட்டோரக் கொட்டகையில உட்கார வைக்கறதா?" என்று முதுகில் தட்டிய பெரிய அதிகாரி, அவரைத் திண்டிவனத்துக்கே மாற்றிவிட்டார். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். தனம் தைலத்தைக் கீழே கொட்டினாள்.

செய்தி கேட்டு மாசிலாமணி தேம்பித் தேம்பி அழுதார். "ஏட்டய்யா, நீங்க போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்? இந்த மாசம் மட்டும் இருந்துட்டுப் போவக் கூடாதா?"

கூடப்பிறந்தவன்கூட இப்படி அழமாட்டான் என்று பாண்டுரங்கன் தனத்திடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அடுத்த வாரமே ஒரு சால்வையும் அரைக்கிலோ அல்வாவும் வாங்கிக்கொண்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து, விடிகிற நேரத்துக்கு மாசிலாமணியின் வீட்டுக்குப் போய் நின்றார்.

கொல்லைப்புறத்தில் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தார். அவருடைய இடத்துக்கு வந்திருந்த புது கான்ஸ்டபிள் பெரியசாமி, ஊதினால் பறந்துவிடுகிற உடம்போடு, பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். மாசிலாமணி அவருக்குக் கேப்பைக் கூழை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இந்த ஒடம்ப வெச்சிக்கினு எப்படிங்க ஏட்டய்யா உத்தியோகம் பாப்பீங்க? சதை புடிக்கணும்னா தினமும் விடியக்காலையில இங்க வந்துடுங்க. குடிக்கறதையும் அவசரப்படாம, மெதுவாக் குடிக்கணும். இன்னொரு சொம்பு ஊத்தறேன்."

பாண்டுரங்கன் சால்வையும் கையுமாகத் திரும்பி ரோட்டைப் பார்த்தார். இத்தனை மாதமாக அவர் 'காவல் காத்த' மதுவிலக்குச் செக்போஸ்ட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. சவுக்குக்கட்டைகளுக்கு இடையில் பாண்டிச்சேரி பிராந்திப் பெட்டிகள் எட்டிப்பார்க்க, மாசிலாமணியின் லாரி அதைத் தாண்டித் திண்டிவனம் பக்கம் போய்க்கொண்டிருந்தது.